தில்லி குடும்பப் பயணம்: காலாண்டு விடுமுறையில் செல்வதா, கிறிஸ்துமஸ் விடுமுறையில் செல்வதா?

தக்கலை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். நானும் கணவரும், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளும், ஐந்தாம் வகுப்பு மகனும், எழுபது வயதைக் கடந்த மாமியாரும் சேர்ந்து தில்லிக்குச் சென்று, ஐந்து நாள் தங்கித் தலைநகரைச் சுற்றிப் பார்த்து வர எண்ணியிருக்கிறோம். நான் பள்ளியில் பணிபுரிவதால் விடுமுறைக் காலத்தை விட்டால் வேறு நாள் வாய்க்காது. கோடை விடுமுறையில் தில்லி வெயில் தாங்காது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனவே மிச்சமிருப்பவை செப்டம்பர் இறுதியில் தொடங்கும் காலாண்டு விடுமுறையும் கிறிஸ்துமஸை ஒட்டிய அரையாண்டு விடுமுறையும்தான். குளிர் என்றால் என்னவென்று பிள்ளைகள் பார்க்கட்டும் என்பது கணவரின் கட்சி. மாமியாரின் முழங்காலை நினைத்தால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

நாகர்கோவிலில் உள்ள ஒரு பயண நிறுவனத்தில் விசாரித்தபோது அச்சிட்ட நிரல் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். முதல் நாளில் மட்டும் செங்கோட்டை, ஜும்மா மசூதி, ராஜ்காட், இந்தியா கேட், குடியரசுத் தலைவர் மாளிகை, தாமரைக் கோயில், குதுப் மினார், அக்ஷர்தாம் என்று எட்டு இடங்கள் அதில் இருக்கின்றன. இது நடக்கக்கூடியதுதானா? தில்லியில் இருந்தவர்களும் அண்மையில் போய் வந்தவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய தில்லிவாசி, நாகர்கோவில்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். மத்திய அரசுப் பணியில் என் காலத்தின் பெரும்பகுதியை ராமகிருஷ்ணபுரத்தில் கழித்துவிட்டு ஊர் திரும்பியவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த நிரலை மடித்து வைத்துவிடுங்கள். எட்டு இடங்களையும் ஒரே நாளில் பார்க்கலாம், பேருந்தின் சன்னல் வழியாக.

முதலில் காலத்தைப் பார்ப்போம். டிசம்பர் கடைசி வாரமும் ஜனவரியும் கங்கைச் சமவெளி முழுவதும் மூடுபனி இறங்கும் காலம். காற்று அசையாமல் நிற்க, ஈரம் மிகுந்த நிலம் இரவில் குளிர, விடியற்காலையில் பத்தடிக்கு அப்பால் இருப்பவர் தெரியமாட்டார். தொடர்வண்டிகள் பல மணி நேரம் தாமதமாவதும் விமானங்கள் வேறு நகரங்களுக்குத் திருப்பப்படுவதும் அந்த வாரங்களில் வாடிக்கை. உங்களுக்குக் கிடைப்பதே ஐந்து நாள் என்றால், அதில் ஒரு நாளைப் பனிக்குப் பலி கொடுக்க நீங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும். மேலும் குடியரசு தின அணிவகுப்புக்கான மேடை வேலைகள், முன்பு ராஜ்பாத் எனப்பட்ட கடமைப் பாதையில் டிசம்பரிலேயே தொடங்கிவிடுவதால், இந்தியா கேட்டின் முன் நிற்கும்போது கம்பியும் பலகையும்தான் பாதிக் கண்ணுக்குத் தெரியும்.

காலாண்டு விடுமுறையோ நல்ல காலம். செப்டம்பர் இறுதியில் பருவமழை விலகிவிடும். பகலில் வெயில் இருக்கும், ஆனால் அது நம் ஊர்ப் பங்குனி வெயிலை மிஞ்சாது. மாலை இதமாக இருக்கும். பயிர்த்தாள் எரிப்பும் தீபாவளிப் புகையும் சேர்ந்து காற்றைக் கெடுப்பது அக்டோபர் பிற்பாதியிலிருந்துதான். மூச்சிரைப்பு உள்ளவர்களை நவம்பரில் அங்கே அழைத்துச் செல்லவே கூடாது.

குழித்துறைப் பயணி:

தொடர்வண்டி குறித்து நான் எழுதுகிறேன். கன்னியாகுமரியிலிருந்து ஹஸ்ரத் நிஜாமுதீன் செல்லும் திருக்குறள் அதிவிரைவு வண்டி வாரத்தில் இரு நாள் ஓடுகிறது. நாகர்கோவிலில் ஏறினால், மதுரை, திருச்சி, சென்னை எழும்பூர், நாக்பூர், போபால் வழியாக ஏறத்தாழ இரண்டு முழு நாள் பயணம். அந்த நாள் ஒத்துவராவிட்டால் திருவனந்தபுரத்திலிருந்து நாள்தோறும் புறப்படும் கேரளா எக்ஸ்பிரஸ் இருக்கிறது. முன்பதிவுக் காலம் 2024 நவம்பரிலிருந்து 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது என்பதை நினைவில் கொண்டு, அறுபதாம் நாள் காலை எட்டு மணிக்கே இணையத்தில் அமர்ந்துவிடுங்கள்.

இன்னொரு நுணுக்கம். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு போயிற்று; ஆனால் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இன்னும் இருக்கிறது. அது அறுபது வயதைக் கடந்த ஆண்களுக்கும் நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்கும் உரியது. தனியாகவோ இருவராகவோ ஒரே சீட்டில் பதிவு செய்தால்தான் கிடைக்கும். ஐந்து பேரையும் ஒரே சீட்டில் போட்டால் அந்த ஒதுக்கீட்டில் கேட்கவே முடியாது. ஆகவே மாமியாருக்குத் தனிச் சீட்டாகவோ, உங்களுக்கும் வயது பொருந்துமானால் உங்கள் இருவருக்கும் ஒரு சீட்டாகவோ எடுத்துவிட்டு, மற்ற மூவருக்கும் வேறு சீட்டு எடுப்பதே முறை.

குளச்சல் கடலோரம்:

இரண்டு நாள் போவதற்கும் இரண்டு நாள் வருவதற்கும் வண்டியிலேயே கழித்தால் ஒன்பது நாள் விடுமுறையில் மீதி என்ன இருக்கும்? திருவனந்தபுரத்திலிருந்து தில்லிக்கு நேரடி விமானம் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். ஐந்து பேருக்குச் செலவு கூடும் என்பது உண்மை. ஆனால் முழங்கால் வலி உள்ள முதியவரை இரண்டு இரவு படுக்கையில் ஏற்றி இறக்குவதைவிடக் கடன் வாங்கியாவது பறந்துவிடலாம்.

பயண நிறுவனத்தையும் அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம் என்பேன். இந்தி தெரியாத ஊரில் ஆட்டோக்காரரிடம் மல்லுக்கு நிற்பதும், விடுதி தேடி அலைவதும், பிள்ளைகளுக்குச் சோறு தேடுவதும் யாருக்கு வேண்டும்? நான் வளைகுடாவில் வேலை செய்த காலத்தில் எத்தனையோ ஊர்களைப் பார்த்தவன்தான். ஆயினும் குடும்பத்தோடு செல்லும்போது பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போவதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

பழைய தில்லிவாசி, நாகர்கோவில்:

குளச்சல் நண்பர் சொல்லும் நிம்மதி இருந்த காலம் உண்டு. மெட்ரோ வந்த பிறகு அதற்கு அவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை. 2002 டிசம்பரில் ஷாதராவுக்கும் தீஸ் ஹசாரிக்கும் இடையே ஒரு சிறு துண்டாகத் தொடங்கிய மெட்ரோ, இன்று நீங்கள் பார்க்க விரும்பும் ஏறக்குறைய எல்லா இடங்களுக்கும் அருகில் நிற்கிறது. செங்கோட்டைக்கு லால் கிலா நிலையம், ஜும்மா மசூதிக்கு அதே பெயரில் நிலையம், தாமரைக் கோயிலுக்குக் கால்காஜி மந்திர், அக்ஷர்தாமுக்கு அக்ஷர்தாம், ராஜ்காட்டுக்குத் தில்லி கேட். அறிவிப்பு இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து பேரையும் நடத்திச் செல்வாள். பெரிய நிலையங்களில் மின்தூக்கி இருப்பதால் முதியவருக்கும் இடைஞ்சல் குறைவு. ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு மாறும் இடங்களில் மட்டும், குறிப்பாக ராஜீவ் சௌக்கிலும் காஷ்மீரி கேட்டிலும், காலை ஒன்பதுக்கும் மாலை ஆறுக்கும் கூட்டம் நெரியும். அந்த நேரங்களைத் தவிர்க்க வேண்டும்.

நான் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. தில்லிக்குப் பயணத் திட்டம் போடுபவர் முதலில் இடங்களின் பட்டியலை எழுதக் கூடாது; கிழமையை எழுத வேண்டும். திங்கட்கிழமை செங்கோட்டை மூடியிருக்கும். தேசிய அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம், தீன்மூர்த்தியில் உள்ள பிரதமர்கள் அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி, சப்தர்ஜங் சாலையில் இந்திரா காந்தி நினைவகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், குடியரசுத் தலைவர் மாளிகை ஆகிய அனைத்துக்கும் திங்கள்தான் ஓய்வு நாள். நம் ஊரிலிருந்து ஞாயிறு இரவு போய் இறங்கி, மறுநாள் காலை ஆர்வத்தோடு புறப்பட்டு, ஒவ்வொரு வாசலிலும் பூட்டைப் பார்த்துத் திரும்பியவர்கள் ஒருவர் இருவர் அல்லர்.

திங்களில் திறந்திருப்பவை குதுப் மினாரும் ஹுமாயூன் கல்லறையும் லோதி தோட்டமும் பங்களா சாகிப் குருத்வாராவும். ஆகவே திங்கட்கிழமையை அவற்றுக்கென ஒதுக்கிவிட்டு மற்ற நாட்களை அடுக்குங்கள். தாஜ் மஹாலுக்கு வெள்ளிதான் ஓய்வு நாள் என்பதையும் மறக்க வேண்டாம்.

அருமனை மாணவன்:

நான் தற்போது தில்லியில் முதுகலை படித்துக்கொண்டிருக்கிறேன். பழைய தில்லிவாசி ஐயா சொன்னதோடு அரசு விடுமுறை நாட்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குடியரசுத் தலைவர் மாளிகை அரசு விடுமுறை நாட்களிலும் பார்வையாளர்களுக்கு மூடப்படும். காலாண்டு விடுமுறையில் காந்தி ஜயந்தி கட்டாயம் வரும், சில ஆண்டுகளில் தசராவும் வந்துவிடும். மாளிகைக்குள் செல்ல இணையத்தில் முன்கூட்டியே நாளும் நேரமும் பதிவு செய்ய வேண்டும். வரும் அனைவரின் அடையாள அட்டை விவரமும் கேட்பார்கள். பிள்ளைகளுக்கும் ஆதார் அட்டையைக் கொண்டு வாருங்கள். அமிர்தத் தோட்டம் என்று இப்போது அழைக்கப்படும் பழைய முகலாயத் தோட்டம் பிப்ரவரி, மார்ச் வாக்கிலும், அண்மை ஆண்டுகளில் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரையிலும்தான் பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதால் அதை எதிர்பார்த்து வர வேண்டாம்.

மாளிகையின் 340 அறைகளில் நாம் பார்ப்பது சிலவற்றைத்தான். எனக்கு உள்ளே பார்த்ததைவிட வெளியே பார்த்த ஒன்று அதிகம் பிடித்தது. இந்தியா கேட் பக்கமிருந்து மாளிகையை நோக்கி நடந்து வரும்போது அதன் செப்புக் கவிகை, அதாவது குவிமாடம், நன்றாகத் தெரியும். விஜய் சௌக்கை நெருங்க நெருங்க அது மெல்லத் தரைக்குள் இறங்கி, ஏற்றத்தின் அடியில் நிற்கும்போது ஏறக்குறைய மறைந்தே போகும். மேலேறினால் மீண்டும் எழும். மாளிகையைக் கட்டிய லட்யன்ஸுக்கும், இரு புறமும் தலைமைச் செயலகக் கட்டடங்களைக் கட்டிய ஹெர்பர்ட் பேக்கருக்கும் இந்த ஏற்றத்தின் சரிவு பற்றி எழுந்த சண்டை ஆண்டுக்கணக்கில் நீடித்தது; லட்யன்ஸ் தோற்றார். உங்கள் பிள்ளைகளை நடக்கவைத்து, கவிகை எந்த இடத்தில் மறைகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மாமியாரை மட்டும் மத்தியச் செயலக மெட்ரோ நிலையத்திலிருந்து ஆட்டோவில் அழைத்து வந்துவிடலாம்.

வடசேரி அக்கா:

நான் அம்மையை அழைத்துக்கொண்டு போய் வந்தவள் என்பதால் முழங்கால் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

குதுப் வளாகம் பெரும்பாலும் சமதளம். மினாருக்குள் ஏறும் வழி 1981-இல் நடந்த நெரிசல் விபத்துக்குப் பிறகு அடைக்கப்பட்டுவிட்டதால் ஏறுவது பற்றிய கேள்வியே இல்லை. ஹுமாயூன் கல்லறையில் தோட்டம் வரை எளிது, மேல்தளத்துக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. அம்மை கீழே வேப்பமர நிழலில் உட்கார்ந்துவிட்டார். ஜும்மா மசூதிக்குப் படிகள் உண்டு. தாமரைக் கோயிலில் வாசலிலிருந்து கட்டடம் வரை நீண்ட நடை, அதுவும் வெயிலில் வரிசையில் நின்றபடி. அக்ஷர்தாமில் சக்கர நாற்காலி தருகிறார்கள், ஆனால் கைப்பேசி, புகைப்படக் கருவி எதையும் உள்ளே விடமாட்டார்கள். ஒப்படைக்கும் வரிசையிலும் திரும்பப் பெறும் வரிசையிலும் நின்றே கால் ஓய்ந்துவிடும். கைப்பேசிகளையெல்லாம் அறையில் வைத்துவிட்டு ஒன்றை மட்டும் கொண்டு போவது நல்லது.

காலணியைக் கழற்ற வேண்டிய இடங்களுக்கு ஒரு தடித்த காலுறை எடுத்துச் செல்லுங்கள். அக்டோபரிலும் நண்பகலில் கல் சுடும்.

தக்கலை ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. கணவரிடம் மூடுபனிச் செய்தியைக் காட்டியதும் டிசம்பர் ஆசையை விட்டுவிட்டார். விமானத்திலேயே போய் வருவது என்றும் முடிவு செய்துவிட்டோம். காலாண்டு விடுமுறையில் நவராத்திரி வந்தால் பத்மநாபபுரத்திலிருந்து சாமி ஊர்வலம் புறப்படும் நாளன்று மாமியார் ஊரை விட்டு அசையமாட்டார் என்பதால் அதற்குப் பிறகுதான் கிளம்ப முடியும். இரு கேள்விகள். ஆக்ராவைச் சேர்த்துக்கொள்ளலாமா? நாடாளுமன்றத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வழி உண்டா?

குளச்சல் கடலோரம்:

ஆக்ராவுக்குப் போகாமல் தில்லியிலிருந்து திரும்பினால், ஊரில் கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி மாளாது. கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய தில்லிவாசி, நாகர்கோவில்:

ஊரார் கேட்பார்கள் என்பதற்காகவா ஒரு நாளைச் செலவிடுவது? அக்டோபர் வெயிலில் பளிங்குத் தரையில் எழுபது வயதுக்காரர் படும் பாட்டை நான் கண்டிருக்கிறேன். ஹுமாயூன் கல்லறை தாஜ் மஹாலுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது. முகலாயர் கல்லறைகளில் நாற்பகுதித் தோட்டமும் நடுவே உயர்ந்த மேடையும் இரட்டைக் கவிகையும் பெரிய அளவில் ஒன்றுசேர்ந்து முதலில் உருப்பெற்றது அங்கேதான். அதை அரை நாள் நிதானமாகப் பார்த்தால் போதும் என்பது என் கருத்து.

குழித்துறைப் பயணி:

இருவரும் பாதி சரி. ஹஸ்ரத் நிஜாமுதீனிலிருந்து காலை எட்டு மணியளவில் புறப்படும் கதிமான் எக்ஸ்பிரஸ் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் ஆக்ரா கண்டோன்மென்டில் இறக்கிவிடும். மாலையில் அதே வண்டியில் திரும்பிவிடலாம். வெள்ளிக்கிழமை அது ஓடாது. மாமியாரைத் தில்லியில் ஒருவர் துணையோடு இருத்திவிட்டு மற்றவர்கள் போய் வருவதானால் ஆக்ரா நல்ல யோசனை. அவரையும் இழுத்துக்கொண்டு போவதானால் வேண்டாம்.

அருமனை மாணவன்:

நாடாளுமன்றம் பற்றி. கூட்டத்தொடர் நடக்கும்போது பார்வையாளர் மாடத்துக்கு உறுப்பினரின் பரிந்துரையோடு அனுமதி பெற வேண்டும். 2023 டிசம்பர் 13 அன்று இருவர் மாடத்திலிருந்து அவைக்குள் குதித்த நிகழ்ச்சிக்குப் பிறகு கெடுபிடி கூடியிருக்கிறது. செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் வழக்கமாகக் கூட்டத்தொடர் இருப்பதில்லை என்பதால் அவை நடப்பதைப் பார்க்கும் ஆசையை இந்த முறை விட்டுவிடுங்கள். 1927-இல் திறக்கப்பட்ட வட்ட வடிவக் கட்டடத்தையும், 2023 மே 28 அன்று திறக்கப்பட்ட முக்கோண வடிவப் புதிய கட்டடத்தையும் வெளியிலிருந்து பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம். புதிய மக்களவையில் வைக்கப்பட்டுள்ள செங்கோல் சென்னையில் உம்மிடி பங்காரு செட்டி குடும்பத்தார் 1947-இல் செய்து கொடுத்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பழைய தில்லிவாசி, நாகர்கோவில்:

நாடாளுமன்றத்தின் முன் நிற்கும்போது நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. நாகர்கோவில் மக்களவை உறுப்பினராக இருந்த மார்ஷல் நேசமணி மறைந்த பின் 1969-இல் நடந்த இடைத்தேர்தலில் நாகர்கோவில் தொகுதியிலிருந்து வென்று காமராசர் மக்களவைக்குச் சென்றார். 1971-இலும் இதே தொகுதிதான் அவரை அனுப்பியது. விருதுநகரில் தோற்றவரைத் தில்லிக்கு அனுப்பியது நம் ஊர் என்பதைப் பாடப் புத்தகத்தில் படிப்பதைவிட அந்த வாசலில் நின்று கேட்டால் மனத்தில் தங்கும்.

ஆரல்வாய்மொழிக் காற்று:

இந்தியா கேட்டுக்குப் பின்னால் இருக்கும் தேசியப் போர் நினைவகத்தை இதுவரை யாரும் குறிப்பிடவில்லையே என்று எழுதுகிறேன். நம் மாவட்டத்தில் படையில் பணிபுரிந்தவர் இல்லாத ஊரே இல்லை. 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்ட இந்த நினைவகத்தில், விடுதலைக்குப் பின் வீரமரணம் அடைந்த இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் கருங்கல் பலகைகளில் பொறிக்கப்பட்டு, தியாகச் சக்கரம் என்னும் வட்டத்தில் பதினாறு சுவர்களாக அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு கல்லிலும் பதவி, பெயர், படைப்பிரிவு என்று ஒருவருக்கு ஒன்றுதான், ஊர்ப்பெயர் கிடையாது. அங்குள்ள தொடுதிரைக் கருவியில் பெயரைத் தட்டினால் எந்தச் சுவரில் எந்த இடம் என்று காட்டும். இலங்கையில் அமைதிப் படையில் மடிந்தவர்களும் உண்டு. என் பெரியப்பா மகனின் கல்லை அந்தக் கருவியின் துணையோடுதான் தேடிச் சென்று தொட்டேன். சூரியன் மறையும் நேரத்தில் கொடியிறக்கும் நிகழ்ச்சியும், மடிந்தவர் ஒருவரின் உறவினர் மலர்வளையம் வைக்கும் நிகழ்ச்சியும் அன்றாடம் நடக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை. தெரிந்த குடும்பம் எதிலாவது அப்படி ஒருவர் இருந்தால், புறப்படுமுன் படைப்பிரிவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள்.

தக்கலை ஆசிரியை:

எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் இருக்கிறது. கேட்டு எழுதிக்கொள்கிறேன், அண்ணா.

அருமனை மாணவன்:

அக்டோபர் 2 அன்று தில்லியில் இருப்பீர்களானால் அன்று காலை ராஜ்காட் பக்கம் செல்ல வேண்டாம். குடியரசுத் தலைவரும் பிரதமரும் அஞ்சலி செலுத்த வருவதால் சாலைகளை அடைத்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், வேறொரு நாளில், ராஜ்காட்டைவிட அதிக நேரத்தை முப்பது ஜனவரிச் சாலையில் இருக்கும் காந்தி ஸ்மிருதிக்குக் கொடுங்கள் என்பேன். பிர்லா மாளிகையாக இருந்த அவ்வீட்டில்தான் காந்தியடிகள் தம் இறுதி 144 நாட்களைக் கழித்தார். அவருடைய அறையிலிருந்து பிரார்த்தனை மைதானம் வரை 1948 ஜனவரி 30 மாலை அவர் நடந்து சென்ற வழி நெடுகிலும் பாதச் சுவடுகளைச் சிமெண்டில் பதித்து வைத்திருக்கிறார்கள். சுவடுகளோடு நடந்துகொண்டே வந்தால் ஓரிடத்தில் அவை நின்றுவிடும். அவருடைய அஸ்தியைக் கன்னியாகுமரிக் கடலில் கரைக்குமுன் வைத்த இடத்தில் நாம் கட்டியிருக்கும் காந்தி மண்டபத்தைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, கதையின் மறு நுனி இங்கே இருக்கிறது.

பழைய தில்லிவாசி, நாகர்கோவில்:

மாணவர் நன்றாகச் சொன்னார். அருங்காட்சியகங்களில் பிள்ளைகள் சலித்துப்போவார்கள் என்று அஞ்சித் தேசிய அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். முழுவதையும் பார்க்க நினைத்தால் தான் சலிப்பு வரும். மொகஞ்சதாரோ நடன மங்கையை மட்டும் நேராகச் சென்று பாருங்கள். பாடப்புத்தகப் படத்தில் பெரிய சிலை போலத் தோன்றுபவள் உண்மையில் பத்தரைச் செண்டிமீட்டர் உயரம்தான், உள்ளங்கையில் அடங்கிவிடுவாள். இடக்கை தோள்வரை வளையல், வலக்கை இடுப்பில், முகத்தில் அப்படியொரு அலட்சியம். பிறகு சோழர் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்துக்குப் போய்விட்டு வெளியே வந்துவிடலாம். மகனுக்குச் சாணக்கியபுரி ரயில் அருங்காட்சியகத்தில் பொம்மை வண்டி இருக்கிறது. அங்கே அவனை வெளியே கொண்டுவருவதுதான் கடினம்.

குதுப் வளாகத்தில் இரும்புத் தூணின் முன்னும் சற்று நில்லுங்கள். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக மழையில் நின்றும் அது துருப்பிடித்து உதிராததற்குக் காரணம், அக்கால உருக்கு முறையால் இரும்பில் தங்கிவிட்ட மிகுதியான பாஸ்பரஸ். அதுவே மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் உருவாக உதவியது என்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கியிருக்கிறார். கடற்காற்றில் வீட்டுச் சன்னல் கம்பி இரண்டு ஆண்டில் இற்றுப்போவதைப் பார்க்கும் குளச்சல்காரருக்கு இதன் அருமை இன்னும் நன்றாகப் புரியும்!

குளச்சல் கடலோரம்:

புரிகிறது ஐயா, கம்பி மாற்றி அலுத்துவிட்டது. சாப்பாட்டைப் பற்றி யாராவது சொல்லுங்கள். சப்பாத்தியையே மூன்று வேளையும் தின்றுகொண்டு எப்படி ஐந்து நாள் இருப்பது?

வடசேரி அக்கா:

அதற்கு அவ்வளவு பஞ்சமில்லை. கன்னாட் பிளேஸிலும் ஜன்பத்திலும் சரவண பவன் இருக்கிறது. இந்தியா கேட்டுக்கு அருகில் ஆந்திர பவன் உணவகத்தில் மதியம் அளவில்லாச் சாப்பாடு போடுகிறார்கள். காரம் நமக்குப் பழகியதுதான், வரிசை மட்டும் நீளம். குண்டரிசிச் சோறும் நெத்திலிக் கறியும் கிடைக்காது என்பதை ஏற்றுக்கொண்டுவிட்டால் போதும். முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் வற்றலும் கொண்டு போனால், மாலை நேரத்துப் பிள்ளைகளின் பசிக்கு அதுவே தாங்கும். பங்களா சாகிப் குருத்வாராவில் சாதி மத வேறுபாடின்றி அனைவரையும் தரையில் அமர்த்திச் சோறிடுகிறார்கள். தலையை மூடிக்கொண்டு போக வேண்டும். அம்மைக்கு எந்தக் கோட்டையையும்விட அந்தப் பந்திதான் நினைவில் நிற்கிறது.

பழைய தில்லிவாசி, நாகர்கோவில்:

மாமியார் குமாரகோவில் முருகனை வணங்குபவராக இருப்பார் என்று ஊகிக்கிறேன். ராமகிருஷ்ணபுரத்தில் சிறு குன்றின்மேல் உத்தர சுவாமிமலைக் கோயில் இருக்கிறது. 1973-இல் குடமுழுக்கு நடந்தது. ஊரில் மலை மந்திர் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். கற்கோயில், தமிழ் அர்ச்சனை, திண்ணையில் தமிழ்ப் பேச்சு. அதே பகுதியில்தான் 1946-இல் தொடங்கப்பட்ட தில்லித் தமிழ்ச் சங்கமும் இருக்கிறது. திங்கட்கிழமை குதுப் மினாரிலிருந்து திரும்பும் வழியில் மாலைப் பூசைக்கு அங்கே சென்றுவிடலாம். படிகள் உண்டு, நிதானமாக ஏறலாம்.

பழைய தில்லியை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளாதீர்கள். சாந்தினி சௌக் கடைகள் பெரும்பாலும் அன்று அடைப்பு. செவ்வாய் முதல் சனி வரை ஒரு நாள் காலையில் செங்கோட்டையில் தொடங்குங்கள். உள்ளே 1945-இல் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் ஷாநவாஸ் கான், பிரேம் சேகல், தில்லான் ஆகியோர் மீது விசாரணை நடந்த வரலாற்றுக்கென அருங்காட்சியகமே இருக்கிறது. பிறகு சைக்கிள் ரிக்ஷாவில் காரி பாவ்லி மசாலாச் சந்தை வரை சென்று வாருங்கள். மாறாமலையிலும் கரும்பாறையிலும் விளையும் நம் கிராம்பை அறிந்தவர்கள், அங்கே மூட்டையில் குவித்திருப்பதைக் கையில் எடுத்து மொட்டு உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். தும்மலுக்குக் கைக்குட்டை வேண்டும்.

அருமனை மாணவன்:

எச்சரிக்கையாக ஒன்று. புது தில்லி ரயில் நிலையத்தைச் சுற்றி, "உங்கள் சீட்டு ரத்தாகிவிட்டது, இந்த நுழைவாயில் மூடிவிட்டார்கள், அரசுச் சுற்றுலா அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறேன்" என்று கனிவாகப் பேசி அணுகுபவர்கள் இருப்பார்கள். எந்த அலுவலகமும் அப்படி ஆள் வைத்து அழைப்பதில்லை. பதில் சொல்லாமல் நடந்துவிடுங்கள். விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் இறங்கினால் விமான நிலைய விரைவு மெட்ரோ இருபது நிமிடங்களுக்குள் புது தில்லி கொண்டு சேர்க்கும். தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் பதினைந்து வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை என்பதால் மகளின் வயதுச் சான்றைக் கையில் வைத்திருங்கள்.

தக்கலை ஆசிரியை:

நேற்று இரவு அமர்ந்து கிழமைப்படி எழுதிப் பார்த்தோம். சனிக்கிழமை போய்ச் சேர்ந்து போர் நினைவகம், ஞாயிறு குடியரசுத் தலைவர் மாளிகையும் தேசிய அருங்காட்சியகமும், திங்கள் ஹுமாயூன் கல்லறை, குதுப், மலை மந்திர், செவ்வாய் பழைய தில்லி, புதன் பிள்ளைகளும் அப்பாவும் ஆக்ராவுக்கு, நானும் மாமியாரும் காந்தி ஸ்மிருதிக்கும் குருத்வாராவுக்கும், வியாழன் திரும்புவது. தாமரைக் கோயிலையும் அக்ஷர்தாமையும் விட்டுவிட்டோம். மகளுக்குச் சற்று வருத்தம்தான். திரும்பும் விமானம் ஒன்று மாலையிலும் ஒன்று இரவு வெகு நேரம் கழித்தும் இருக்கிறது. இரவு விமானத்தில் கட்டணம் குறைவு. எதை எடுக்கலாம்?

குழித்துறைப் பயணி:

மாலை விமானத்தையே எடுங்கள். நள்ளிரவில் திருவனந்தபுரத்தில் இறங்கினால் களியக்காவிளை வழியாகப் பேருந்து கிடைப்பது அரிது, வாடகைக் கார்தான் பிடிக்க வேண்டும். கட்டணத்தில் மிச்சம் பிடித்ததில் பாதி அதற்கே போய்விடும். ஒருவேளை இரவு விமானம்தான் என்றால், ஊரிலிருந்தே தெரிந்த ஓட்டுநரிடம் முன்கூட்டிச் சொல்லி வைத்து, ஐந்து பேரோடு பெட்டிகளும் ஏறும் வண்டியாகக் கேளுங்கள். காரி பாவ்லிக்குப் போய்விட்டு யாரும் போன கனத்தில் திரும்பி வருவதில்லை.